வத்தல்மலையில் இரண்டு இரவு: ஆறு பேருக்குச் சாப்பாடு கட்டும் முறை

தண்ணீரிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வத்தல்மலை ஏறி, ஞாயிறு மதியத்துக்குள் தருமபுரிக்கு இறங்கிவிடுவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் மூவர், அக்கா வீட்டில் மூவர். குடிக்க, சமைக்க, பாத்திரம் அலம்ப எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைக்கிறேன். இரண்டு நாளைக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. வீட்டுக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. மலையில் கிடைக்கும் தண்ணீர் கை கால் கழுவ இருக்கட்டும்.

கூடாரம் போடுவது தெரிந்தவர் ஒருவரின் பட்டா நிலத்தில், அவரிடம் கேட்டுக்கொண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். சொந்த நிலமானாலும் மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது விறகு அடுப்பு வேண்டவே வேண்டாம். 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் தாராளமாகப் போதும்.

அடுத்தது, எந்த வேளைக்கு என்ன என்பது. ஒரு தாளில் வெள்ளி இரவு, சனி காலை, மதியம், இரவு, ஞாயிறு காலை என்று ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். வறுப்பது, அரைப்பது, தாளிப்பது எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். மலையில் கொதிக்க வைப்பதும் கிண்டுவதும் மட்டும்தான் வேலை என்றால், சமைப்பவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து பேச முடியும். அக்காவும் நானும் அடுப்படியிலேயே பொழுதைக் கழிக்கவா மலைக்குப் போகிறோம்?

வெள்ளி இரவு புளிசாதம். புளிக்காய்ச்சலை முந்தின நாளே நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் மேலே மிதக்கிற வரை காய்ச்சி வைத்துவிடுவேன். சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கிளற வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து, சீக்கிரம் கெட்டுப்போகும். வாட்டிய வாழை இலையில் ஆளுக்கு ஒரு பொட்டலம். தேங்காய் சேர்க்காதீர்கள். மிச்சம் வைக்காமல் அன்றிரவே முடித்துவிடுங்கள்.

சனி காலை சாமை உப்புமா. அரை கிலோ சாமையை வாசம் வர வறுத்து, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அதோடு கலந்து, ஆறியதும் டப்பாவில் அடைத்துவிடுங்கள். உப்பையும் இப்போதே போட்டுவிடலாம். காலையில் ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டி மூடினால் வேலை முடிந்தது.

மதியம் சோறு, கொள்ளுப்பொடி, ரசம், அவித்த முட்டை. அரிசி ஆளுக்கு 125 கிராம் போதும். நடந்து பசித்து வரும் பிள்ளைகளுக்காக நான் ஒரு கைப்பிடி கூடப் போடுவேன். ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதனால் சோறு வேக நேரமாகும், கொள்ளும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. கொள்ளைப் பொடியாக எடுத்துப் போவது அதனால்தான். கொள்ளை நிதானமான தீயில் சிவக்க வறுத்து, மிளகாய், பூண்டு, சீரகம், உப்போடு கொரகொரவென்று பொடித்துக்கொள்ளுங்கள். சுடுசோற்றில் பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தால் குழம்பே தேட மாட்டார்கள். முட்டைகளை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் மலைப் பாதையின் குலுக்கலுக்கும் உடையாது. ரசத்துக்குத் தக்காளியைச் செங்காயாகப் பொறுக்குங்கள். பழுத்தது போய்ச் சேருவதற்குள் நசுங்கிவிடும்.

சனி இரவு களி. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த வேளை இதுதான். ஆறு பேருக்கு முக்கால் கிலோ கேழ்வரகு மாவு, ஒரு கைப்பிடி அரிசி நொய். கால் கிலோ மாவுக்கு முக்கால் லிட்டர் கணக்கில் தண்ணீர் வைத்து, நொய்யைக் குழைய வேகவிடுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறுதீயில் சில நிமிஷம் விடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி கட்டியாகும். பிறகு பாத்திரத்தைக் கீழே இறக்கி, துணியைச் சுற்றி ஒருவர் இறுகப் பிடிக்க, இன்னொருவர் துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும். எங்களில் பிடிப்பது மாமா, கிண்டுவது நான். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் தீ வேண்டும். தொட்டுக்கொள்ள, வீட்டிலேயே அரைத்த நிலக்கடலைப் பொடியில் வெந்நீர் விட்டுக் குழைத்தால் சட்னி. அகலமான, அடி கனத்த பாத்திரமும் துடுப்பும் முதலில் வண்டியில் ஏறட்டும், மெல்லிய பாத்திரத்தில் களி அடிப்பிடித்துத் தீய்ந்துவிடும்.

களியை வேண்டுமென்றே இரண்டு உருண்டை கூடச் செய்து, தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். ஞாயிறு காலை மோரும் சின்ன வெங்காயமும் உப்பும் போட்டுக் கரைத்தால் ஆளுக்கு ஒரு சொம்பு. கூடவே அவல், வெல்லம், அங்கேயே உடைத்துத் துருவிய தேங்காய். மோருக்கான தயிரை வெள்ளி காலை உறை ஊற்றினால் ஞாயிறுக்கு நல்ல புளிப்பு வந்திருக்கும்.

கட்டும்போது வேளைக்கு ஒரு துணிப்பை. அந்த வேளைக்கு வேண்டிய எண்ணெய், உப்பு, பொடி உட்பட எல்லாம் அதே பைக்குள். ஞாயிறு பை அடியில், வெள்ளி பை மேலே. மஞ்சப்பையிலேயே பேனாவால் வேளையை எழுதிவிடலாம். டீத்தூள், நாட்டுச்சர்க்கரை, பால் பவுடர், தீப்பெட்டி மட்டும் தனிப் பையில், கைக்கெட்டும் இடத்தில். ஒரு வேளைக்கான உப்புமாக் கலவை கூடுதலாக இருக்கட்டும். மழை பிடித்தால் இறங்குவது தள்ளிப்போகும்.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். அது யானை நடமாடும் இடம். கேழ்வரகு கதிர் முற்றும் மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டமாக வரும். பலாப்பழம், மாம்பழம், வெல்லம், உப்பு எதையும் படுக்கும் இடத்தில் வைக்காதீர்கள், கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. காட்டோரமாக வெட்டவெளியில் படுக்காமல், ஊருக்குள் சுவருள்ள இடத்தில் தங்குங்கள். அங்கே களி கிண்ட ஆசையிருந்தால், இருட்டுவதற்கு முன்பே கிண்டிச் சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவிவிடுங்கள். மிச்சச் சோற்றை வெளியே கொட்ட வேண்டாம், மூடியுள்ள தூக்கில் போட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.