சங்குப்பூவை விதையில் போட்டு வேலியில் ஏற்றுதல்

மல்லிகை, முல்லை, போகன்விலா எல்லாம் தடியிலோ பதியத்திலோ வருபவை. விதை போட்டு இரண்டு மாதத்துக்குள் பூப் பார்க்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்குச் சங்குப்பூதான் முதல் தெரிவு. சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடக்கும் எங்கள் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் அது நன்றாகவே தாங்கும். ஆனாலும் விதை முளைக்கவில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் விதையில் பழுதில்லை. மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாததுதான் காரணம்.

விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விளிம்பில் வெளிறிய சிறு தழும்பு தெரியும். காயோடு ஒட்டியிருந்த இடம் அது. முளைவேர் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே கை வைக்கக்கூடாது. எதிர் விளிம்பில் நகவெட்டியால் துளியளவு கிள்ளுங்கள். கரிய தோல் போய் வெளிறிய உட்பகுதி தெரிந்தால் போதும். ஆழமாக வெட்டினால் வித்திலை காயப்பட்டு மண்ணுக்குள் அழுகிவிடும். நகவெட்டி இல்லாவிட்டால் அரத்தாளில் ஐந்தாறு தரம் உரசலாம். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். விடியப் பார்த்தால் தண்ணீர் குடித்த விதை நன்றாகப் பருத்திருக்கும். கல்லுப்போலக் கிடப்பதை மட்டும் எடுத்து மறுபடி கிள்ளி ஊறப்போட வேண்டும். தேவைக்கு மேல் ஊறினால் காற்றில்லாமல் விதை நாறத் தொடங்கும்.

விதைக்க நல்ல காலம் தை கடைசியும் மாசியும். மழை ஓய்ந்திருக்கும், நிலத்தில் ஈரமும் இருக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுப் பிடிக்க முன்னர் கொடி வேர் பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் போடாதீர்கள். அடைமழையில் இளங்கன்றின் அடித்தண்டு நூலாய் மெலிந்து சாயும். அதுதான் நாற்றழுகல், வந்தபின் காப்பாற்ற வழியில்லை.

ஆணிவேர்க் கொடி என்பதால் இடம் மாற்றுவது இதற்குப் பிடிக்காது. வேலியோரத்தில் நேரடியாகவே, 1 சென்ரிமீற்றர் ஆழத்தில், குழிக்கு இரண்டு விதை, குழிக்குக் குழி ஓர் அடி இடைவெளி. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் மேலே பொருக்குக் கட்டும். முளை அதை உடைக்க முடியாமல் உள்ளேயே வளைந்துபோகும். அதனால் விதையை மண்ணால் மூடாமல் தும்புத்தூளால் மூடுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும், இரண்டு மூன்று தரம் அலசிப் பிழிந்தே பாவிக்க வேண்டும். கிள்ளிய விதை ஒரு கிழமை முதல் இரண்டு கிழமைக்குள் தலைகாட்டும். நத்தைத் தொல்லை உள்ள வளவென்றால் முதலில் பனை ஓலையில் மடித்த கிண்ணமான பிளாவில் முளைக்கவைத்து, நான்கு இலை வந்ததும் பிளாவின் அடியை வெட்டி, வேர் குலையாமல் அப்படியே இறக்கலாம்.

சாடியில் வளர்ப்போர் 12 அங்குலச் சாடி எடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. இதற்குமேல் எரு போடுவதுதான் பலரும் விடும் பிழை. அவரைக் குடும்பத்துக் கொடி, வேர்முடிச்சில் தனக்கு வேண்டிய நைதரசனைத் தானே பிடிக்கும். யூரியா போட்டால் இலை அடர்ந்து பூ குறையும். சாம்பலும் வேண்டாம், ஏற்கெனவே காரமான மண் இன்னும் காரமாகும். நரம்பு பச்சையாயும் இடை மஞ்சளாயும் இளம் இலை வெளுத்தால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம். மக்கிய குப்பை சேருங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை ஊற்றுங்கள்.

கொடி தண்டால் சுற்றி ஏறுவது, வேலிக்கு நட்ட தடித்த கதியாலைச் சுற்றாது. வேலியின் மேல்வரிச்சிலிருந்து தும்புக்கயிறு இறக்கிவிடுங்கள். முக்கால் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும், பூவும் கூடும். ஆறேழு மணித்தியால வெயில் இல்லாத இடத்தில் நிறையப் பூ எதிர்பார்க்க வேண்டாம்.

சோளகக் காலத்தில் சாடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அந்த வரட்சியில் இலைக்கடியில் சிற்றுண்ணி வலை கட்டும், இலையின் அடிப்பக்கம் படத் தண்ணீர் விசிறுங்கள். நுனியில் அழுக்கணவன் (அசுவினிப் பூச்சி) மொய்த்தால் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் தெளிக்கலாம்.

விதைக்கு விடும் காயைத் தவிர மற்றதைப் பிஞ்சிலேயே ஆய்ந்துவிடுங்கள், காய்த்தால் பூ குறையும். விதைக்காய் பழுப்பாகி உலர்ந்ததும், முறுக்கிக்கொண்டு வெடிக்க முன் எடுங்கள்.

நிலாப்பூ, மயில்மாணிக்கம் இரண்டுக்கும் இதே ஊறவைப்புத்தான். நிலாப்பூ விதை பெரியது, கிள்ளியே ஆகவேண்டும். கார்த்திகைப்பூவுக்குப் பொறுமை வேண்டும். செம்மஞ்சள் சதையைக் கழுவி விதைத்தாலும் முளைக்க மாதக்கணக்காகும். முதல் ஆண்டில் சில இலைகளும் ஒரு குட்டிக் கிழங்கும்தான். பூக்க இரண்டு மூன்று ஆண்டு செல்லும். இலை பட்டுப்போனதும் செத்துவிட்டது என்று சாடியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உறங்குகிறது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், தொட்டபின் கையைக் கழுவுங்கள்.