குக்கி மாவை முன்னாடியே செஞ்சு வைக்கிறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

குக்கி மாவை முன்னாடியே பிசைஞ்சு வச்சுக்கறது ரொம்ப நல்ல பழக்கம். ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல இருந்த மாவுல சுட்டா ருசியே தனி, மைதா ஈரத்தை நல்லா இழுத்துக்கும், வெண்ணெய் இறுகிடும், அதனால ஓவன்ல கண்டபடி பரவாம நல்ல பொன்னிறமா வரும். சொதப்பறது எல்லாம் எடுத்து வைக்கிற விதத்துலதான்.

பெரிய தப்பு, மொத்த மாவையும் ஒரே கட்டியா டப்பால போட்டு ஃப்ரீசர்ல தள்றது. அது கல்லு மாதிரி ஆயிடும், நாலே நாலு குக்கி சுடணும்னாலும் மொத்தத்தையும் இளக வைக்கணும், மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசர்ல வைக்கணும், அப்படி மாத்தி மாத்தி வச்சா மாவோட பதமே கெட்டுடும். அதனால முதல்லயே உருண்டை பிடிச்சு, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி, ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ ஃப்ரீசர்ல வச்சு கெட்டியானதுக்கு அப்புறம் ஜிப் கவர்ல போடுங்க. காத்தை நல்லா வெளியேத்திட்டு மூடுங்க. உருண்டையை லேசா தட்டையா அமுக்கி வச்சா இன்னும் நல்லது, இல்லேன்னா ஓரம் வெந்துடும், நடுவுல பச்சையா நிக்கும்.

மூடாம வைக்கறவங்களும் இருக்காங்க. வெண்ணெய் பக்கத்துல இருக்கற வாசனையை அப்படியே பிடிச்சுக்கும், நறுக்கின வெங்காயம் பக்கத்துல இருந்தா குக்கியிலயும் வெங்காய வாடைதான் அடிக்கும். மேல காஞ்சும் போயிடும்.

முட்டை போட்ட மாவுன்னா ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாளுக்கு மேல வேண்டாம், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர்தான், மைனஸ் 18 டிகிரில மூணு மாசம் வரைக்கும் ருசி நல்லா இருக்கும். கவர் மேல தேதி, ஓவன் சூடு, எத்தனை நிமிஷம்னு எழுதி ஒட்டிடுங்க ப்ளீஸ், ரெண்டு மாசம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது, இளகட்டும்னு கிச்சன் மேடையில பல மணி நேரம் விட்டுடறது. பச்சை முட்டை இருக்கற மாவை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது. உண்மையில உருண்டையை இளக வைக்கவே வேண்டாம், ஃப்ரீசர்ல இருந்து எடுத்து நேரா ஓவன்ல வச்சுட்டு வழக்கத்தை விட ரெண்டு நிமிஷம் கூட விட்டா போதும். கட்டியா வச்சிருந்தா மட்டும் முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க. அப்புறம் ஓவன் முழுசா சூடாகறதுக்கு முன்னாடி வைக்காதீங்க, முதல் ரவுண்டு எடுத்த சூடான ட்ரேலயே அடுத்ததையும் அடுக்காதீங்க, ஓவனுக்குள்ள போறதுக்கு முன்னாடியே வெண்ணெய் உருகி வழிஞ்சுடும்.

சுடறதுக்கு முன்னாடி கிள்ளி வாயில போடறது வேண்டவே வேண்டாம், குழந்தைங்களுக்குக் கண்டிப்பா குடுக்காதீங்க. முட்டை சேர்க்கலையேன்னு நினைக்கறாங்க, ஆனா பச்சை மைதாலயும் ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரி கிருமி இருக்கலாம், ஃப்ரீசர் குளிர்ல அது சாகாது, நல்லா வெந்தாதான் போகும்.

எல்லா மாவும் இதுக்கு ஒத்துவராது. சாக்லேட் சிப், ஓட்ஸ், பட்டர் குக்கி எல்லாம் அருமையா தாங்கும், முட்டை வெள்ளையை நுரைக்க அடிச்சு செய்யற மெரிங், மக்ரோன் மாதிரி வகையறாவை கலந்த கையோட சுட்டுடுங்க, நுரை அடங்கிட்டா அப்புறம் எழும்பாது.