கிறிப்பில (CRIB, இலங்கைக் கடன் தகவல் பணியகம்) பழைய கடன் நிக்குதோ? இதைச் செய்யுங்கோ

லீசிங்குக்கோ வீட்டு லோனுக்கோ போனா "கிறிப்பில பிரச்சினை இருக்கு" எண்டு திருப்பி அனுப்பினா, முதல்ல உங்கட சொந்த றிப்போட்டை எடுத்துப் பாருங்கோ, ஒன்லைனிலயே எடுக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. கிறிப் தானா ஒருத்தற்ர பேரையும் கறுப்புப் பட்டியலில போடுறேல்ல, பாங்குகளும் லீசிங் கொம்பனியளும் குடுக்கிற விபரத்தை வச்சிருக்கிறது மட்டும்தான், அதால பிழையைத் திருத்த வேண்டியது கடன் தந்த ஆக்கள்தான்.

கன பேருக்கு லோன் கட்டி முடிஞ்சிருக்கும், ஆனா கடைசி மாச வட்டியோ கிறெடிட் காட்டின்ர வருசக் கட்டணமோ ஒரு சின்னத் தொகை மிஞ்சி, அதுதான் வருசக்கணக்கா நிலுவை எண்டு காட்டிக்கொண்டு நிக்கும். கடன் தந்த கிளைக்குப் போய் மிச்சத்தைக் கட்டி, கடன் முடிஞ்சதெண்டு கடிதம் ஒண்டு எழுத்தில வாங்குங்கோ (வாய்ப்பேச்சை நம்பாதேங்கோ), கிறிப்புக்கு அப்டேட் பண்ணச் சொல்லியும் எழுதிக் குடுத்து, கொப்பியில சீல் அடிச்சு எடுங்கோ. பழைய வி நம்பர் (V எழுத்தில முடியிற) அடையாள அட்டையில எடுத்த கடனெண்டா புது 12 இலக்க நம்பரையும் சேர்த்துக் குடுங்கோ.

மச்சானுக்குப் பிணை கையெழுத்து வச்சதும் உங்கட றிப்போட்டில வரும், அதையும் பாருங்கோ.

உண்மையா கட்டாத கடனெண்டா கட்டத்தான் வேணும், முழுசா ஏலாட்டி மனேஜரோட கதைச்சா வட்டியில கொஞ்சம் குறைக்கவும் கூடும். காசு தந்தா பேரை எடுத்துத் தாறம் எண்டு பேஸ்புக்கில வாறவைக்குச் சதமும் குடாதேங்கோ.