கார் பாலிஷ் மிஷின் வாங்கப் போறீங்களா? பையில ஒரு மார்க்கர் பேனா போட்டுக்கோங்க

மூணு வருஷத்துல மூணு மிஷின் வாங்கிட்டேன். நடுவுல ஒரு பானட்டை எரிச்சு, அதுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சேன். அந்தக் காசுக்கு இன்னொரு மிஷினே வந்திருக்கும். அந்த வயித்தெரிச்சல்ல எழுதுறதுதான் இது. வண்டி கழுவத் தெரியும், கிளே பார் போடத் தெரியும், காம்பவுண்டுன்னா கீறலைத் தேய்ச்சு எடுக்கற பசைன்னு தெரியும்னு வெச்சுக்கிட்டு நேரா மிஷினுக்கே போயிடறேன்.

மதுரையில கறுப்பு வண்டி வெச்சிருக்கறதே ஒரு வேண்டுதல்தான். எங்க தெருவுல போர்த் தண்ணி உப்பு. கழுவிட்டுத் துணி எடுக்கறதுக்குள்ள வெயில் ஏறி, சொட்டுச் சொட்டா வெள்ளை வட்டம் நின்னுடும். ரிங் ரோடு ஒரு சுத்து போயிட்டு வந்தா மாவு சலிச்ச மாதிரி தூசி. அதை சீட்டுக்கு அடியில கிடக்கற பழைய துணியால வறட்டுத் துடையா துடைச்சா முடிஞ்சது. ராத்திரி தெருவிளக்குக்குக் கீழ நிறுத்திப் பாருங்க, பானட் முழுக்கச் சிலந்தி வலை. அந்த ஸ்விர்லை எடுக்கத்தான் இவ்வளவு பாடு.

படி 1: கிரைண்டரைக் கீழ வைங்க

"வீட்ல கிரைண்டர் இருக்குண்ணே, வெல்க்ரோ பேட் மாட்டினா போதும்ல?" இதுவரைக்கும் எங்கிட்ட அதிகமா கேட்ட கேள்வி இதுதான். போதாது. பட்டறைல இருக்கற 4 அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 11,000 சுத்து சுத்தும். ரோட்டரி பாலிஷர் 600-ல ஆரம்பிச்சு 3,000-க்குள்ள நின்னுடும். நம்ம வேலைல பாதி 1,500-க்கும் கீழதான் நடக்கும். கிரைண்டருக்கு எம்10 மரை, பாலிஷ் பேக்கிங் பிளேட்டுக்கு (பேட் ஒட்டற தட்டு) எம்14 மரை. ரெண்டும் சேராது. சேராம இருக்கறது நல்லதுக்குத்தான். ஆனா அதுக்கும் அடாப்டர் செஞ்சு விக்கறாய்ங்க.

படி 2: வாட்ஸை மறந்துட்டு, எப்படிச் சுத்துதுன்னு கேளுங்க

நான் முதல்ல வாங்கினது ரோட்டரி. கடைக்காரர் "1,400 வாட்ஸ் தம்பி, பெரிய மிஷின்"னார், எடுத்துட்டு வந்துட்டேன். மூணு வகை இருக்குன்னே அன்னிக்குத் தெரியாது.

ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும். வேகமா வெட்டும், அதாவது பெயிண்டைத் தேய்ச்சு எடுக்கும், அதே வேகத்துல சூடும் ஏத்தும். கை ரெண்டு நொடி ஒரே இடத்துல நின்னா அந்த இடம் கொதிக்கும். டிஏ-ன்னு சொல்ற டூயல் ஆக்‌ஷன்ல பேட் சின்ன வட்டமும் அடிக்கும், தன்னைத்தானேயும் சுத்திக்கும். வெட்டு நிதானம், சூடு குறைவு, புதுசா பழகறவங்க கைக்கு அடங்கும். மூணாவது, கியர் வெச்ச டிஏ. ஃபோர்ஸ்டு ரொட்டேஷன்னு சொல்லுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிள்ளை. ஃப்ளெக்ஸ் 3401 இந்த வகைல பேர் போனது.

கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் எவ்வளவு மெல்லிசுன்னு தெரிஞ்சா மிஷினைத் தொடவே பயம் வரும். கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100-ல இருந்து 150 மைக்ரான். அதுல மேல இருக்கற கிளியர் 40 மைக்ரான் பக்கம். தலைமுடி ஒண்ணோட தடிமன்ல பாதிதான். அதுலயும் பானட் ஓரம், கதவு மடிப்பு மாதிரி இடத்துல இன்னும் மெல்லிசு, ஏன்னா ஈரமா இருக்கறப்போ பெயிண்ட் விளிம்பை விட்டு நழுவி வழிஞ்சுடும். என் ரோட்டரி போய் நின்னது சரியா அந்த விளிம்புலதான். வெள்ளை நுரையா இருந்த பேட் திடீர்னு கறுப்பா மாறுச்சு. காம்பவுண்ட் அழுக்கு எடுக்குதுன்னு சந்தோஷப்பட்டு இன்னொரு ஓட்டு ஓட்டினேன். துடைச்சுப் பார்த்தா பானட் மடிப்பு நெடுக விரல் அகலத்துக்குச் சாம்பல் கோடு. கலருக்கு அடியில இருக்கற பிரைமர்.

கிளியர் கோட் இருக்கற வண்டில பேட்ல கலர் வந்தா அந்த நொடியே நிறுத்துங்க. பழைய வண்டி சிலதுல கிளியரே இருக்காது, அதுல கலர் வர்றது சகஜம். எது எதுன்னு தெரியலைன்னா டிக்கிக்கு உள்பக்கம் ஒரு மூலைல கையாலேயே தேய்ச்சுப் பார்த்துக்கோங்க. மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்கி விளிம்பு எல்லாம் ஒட்டிட்டுத்தான் எந்த மிஷினையும் ஆன் பண்ணணும்.

படி 3: எத்தனை எம்எம்?

டிஏ வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா 8, 15, 21-னு ஒரு எண் வந்து நிக்கும். அதுதான் த்ரோ, பேட் அடிக்கற வட்டத்தோட விட்டம். அதே வேகத்துல பெரிய வட்டம் அடிச்சா பேட் அதிக தூரம் ஓடும், அதனால சீக்கிரம் வெட்டும். பெட்டில 5,000-னு போட்டிருக்கறது டிஏ-ல வட்டக் கணக்கு. ரோட்டரியோட 3,000 கூட ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறாதீங்க. டிஏ-ல பேட் நிஜமாச் சுழல்றது அதைவிட ரொம்பக் கம்மி.

பெரிய வட்டம் சீக்கிரம் வெட்டும்னு படிச்சவுடனே நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைக்கறீங்க? 21 எம்எம்தான், 6 அங்குல பிளேட்டோட.

படி 4: நான் சறுக்கின இடம்

பானட், ரூஃப் ரெண்டும் கண்ணாடியா வந்துச்சு. கதவுக்கு வந்தேன். கைப்பிடிக்குக் கீழ ஒரு உள்வளைவு, ஃபெண்டர்ல சக்கரத்துக்கு மேல ஒரு புடைப்பு. அந்த ரெண்டு இடத்துலயும் ஸ்விர்ல் இம்மி அசையல. காம்பவுண்ட் மாத்தினேன். பேட் மாத்தினேன். ஒரு வாரம் கழிச்சு இன்னும் முரட்டுக் காம்பவுண்ட் வாங்கி, உடம்பு எடையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். அழுத்த அழுத்த மோசம். வண்டி பெயிண்டே கல்லு மாதிரின்னு முடிவு கட்டிட்டேன்.

புதூர்ல டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கற பெரியவர் ஒருத்தர்கிட்ட மிஷினைக் கொண்டு போய்க் காட்டினேன். அவர் பாட்டுக்கு மேஜைல இருந்த மார்க்கரை எடுத்து, பேக்கிங் பிளேட்டோட பக்கவாட்டுல குறுக்க ஒரு கோடு போட்டார். "இப்ப ஓட்டு"ன்னார். பானட்ல ஓட்டினேன், கோடு சுத்திச் சுத்தி வந்துச்சு. ஃபெண்டர் புடைப்புக்குப் போனேன். மோட்டார் அதே மாதிரி கத்துது, கை அதே மாதிரி அதிருது. கோடு அப்படியே நிக்குது. வெறுமனே நடுங்கிக்கிட்டு.

"சத்தம் போட்டா சுத்துதுன்னு அர்த்தமாய்யா?"

கியர் இல்லாத டிஏ-ல மோட்டார் பேட்டைச் சுழற்றவே இல்லை. வட்டம் அடிக்க மட்டும்தான் வைக்குது. பேட் தன்னைத்தானே சுத்தறது அதோட உபரி. ஆட்டுக்கல்லு ஞாபகம் இருந்தா சுலபம்: நாம குழவியைக் குழியைச் சுத்திக் கொண்டு வர்றோம், அது கையோட தானாவும் உருளுது. மாவு கெட்டியாச்சுன்னா உருள்றது நின்னுடும், இழுபடும். டிஏ-யும் அதே கதைதான். அழுத்தினா, சாய்ச்சுப் பிடிச்சா, வளைவுல பேட்டோட ஒரு ஓரம் மட்டும் பட்டா, சுழற்சி நின்னுடும். பெரிய பிளேட், பெரிய த்ரோவா இருந்தா வளைவுல இன்னும் சீக்கிரம் நிக்கும்.

கோடு நின்னா செய்ய வேண்டியதை வரிசையா சொல்றேன். முதல்ல அழுத்தத்தைக் குறைங்க, மிஷினோட எடையும் கையோட எடையும் போதும். அடுத்து பேட் தட்டையா உக்காந்திருக்கான்னு பாருங்க. வேக டயலை 4-ல இருந்து 5-க்கு ஏத்துங்க. பேட் காம்பவுண்டுல ஊறிப் போயிருந்தா மாத்துங்க. நொடிக்கு ஒரு அங்குலம் ரெண்டு அங்குலத்துக்கு மேல நகர்த்தாதீங்க, ரெண்டடிக்கு ரெண்டடி இடத்தைப் பிரிச்சுக்கிட்டு ஒரு ஓட்டு மேல அடுத்த ஓட்டு பாதி ஏறுற மாதிரி போங்க. இத்தனைக்கு அப்புறமும் நின்னா அந்த இடத்துக்கு அந்த பிளேட் பெரிசு.

கடைல மிஷினைத் தூக்கிக் காத்துல ஓட்டிக் காட்டுவாங்க. காத்துல எல்லா டிஏ-யும் சுத்தும், அது பரீட்சையே இல்லை. (முழு வேகத்துல காத்துல ஓட்டறது பேரிங்குக்கும் நல்லதில்ல, காம்பவுண்ட் இருந்தா சுவரெல்லாம் தெறிக்கும்.) பழைய இரும்புக் கடையில ஒரு உடைஞ்ச வண்டி ஃபெண்டர் வாங்கி வெச்சிருக்கேன், முன்னூறு ரூபாய். புதுசா யாராவது பழகணும்னு வந்தா அதுலதான் விடறேன். மிஷின் வாங்கப் போறப்போ அந்த ஃபெண்டரைத் தூக்கிட்டுப் போய் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தேன். கடைப் பையன் சிரிச்சான். சிரிச்சுட்டுப் போகட்டும்.

படி 5: அப்ப எதை வாங்கறது?

வீட்ல ஒண்ணு ரெண்டு கார், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைன்னா 15 எம்எம் த்ரோ, 5 அங்குல பிளேட். ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வளைவு அதிகமுள்ள சின்ன வண்டிக்கு இதுதான் என் தீர்ப்பு. என் மூணாவது மிஷின் இதுதான், 21-ஐ வித்துட்டேன். பெரிய எஸ்யூவி, அகலமான பானட்டுன்னா 21 எம்எம் நேரம் மிச்சம் பண்ணும். ரூபெஸ் மாதிரி இத்தாலி மிஷின் கையில பிடிச்சா வெண்ணெய்தான், அதிர்வு ரொம்பக் கம்மி. ஆனா முதல் மிஷினா அதை வாங்கச் சொல்ல மாட்டேன். நடுத்தர விலையில ஒரு சீன மிஷின் வாங்கிட்டு மிச்சத்தைப் பேடுல போடுங்க. ஒரு வண்டிக்கு வெட்டற பேட் நாலு, ஃபினிஷிங் பேட் ரெண்டாச்சும் வேணும். ஒரே பேடை வெச்சு வண்டி முழுக்க ஓட்டறவங்கதான் "மிஷின் சரியில்ல"ங்கறாங்க.

சாஃப்ட் ஸ்டார்ட் (மெதுவா ஆரம்பிச்சு வேகம் எடுக்கறது), அழுத்தினாலும் வேகம் இறங்காத ஸ்பீட் கன்ட்ரோல், வெளியில இருந்தே மாத்தற கார்பன் பிரஷ் இருக்கான்னு பாருங்க. வயர் நீளத்தையும் பாருங்க. என்னோடது 4 மீட்டர்; எக்ஸ்டென்ஷன் போர்டு முடிச்சு பானட்லயே வந்து உக்காரும், அதுவே கீறும். வயரைத் தோள்ல போட்டுக்கோங்க.

நேரம் காலை 6-ல இருந்து 9 மணி, நிழல்ல. சித்திரை வெயில்ல பானட்டுல தோசையே சுடலாம், காம்பவுண்ட் காய்ஞ்சு பொருக்கு தட்டிடும். ஆடி மாசம் வெளியில வேலையே வேண்டாம். காத்துல வர்ற மணல் ஒண்ணு பேடுக்கு அடியில மாட்டினா எடுத்த ஸ்விர்லுக்கு ரெட்டிப்பா போட்டுடும்.

பின்னால சேர்த்தது

திருமங்கலத்துல இருந்து ஒருத்தர் 3 அங்குல பிளேட் தனியா வாங்கி, ஒரு சுத்து ஏறி மாட்டிக்கிச்சுன்னு படம் அனுப்பினார். இதை முதல்லயே எழுதியிருக்கணும். ரோட்டரிக்கு எம்14னு சொன்னேன், டிஏ-க்கு எம்8, 5/16 அங்குலம்னு ரெண்டு மரை இருக்கு. 5/16-ன்னா 7.94 மில்லிமீட்டர், கண்ணால பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். மரையோட நெருக்கம்தான் வேற. கையால மூணு சுத்து லேசா ஏறலைன்னா ஸ்பேனரைத் தொடாதீங்க, ஸ்பிண்டில் (மிஷினோட சுத்தற தண்டு) மரையே போயிடும். அதோட, மிஷினுக்குள்ள இருக்கற எதிர் எடை கம்பெனி சொன்ன பிளேட் அளவுக்குன்னு வெச்சது. பெரிசு மாட்டினா கை மரத்துப் போகும். சின்னது மாட்டணும்னாலும் கம்பெனி அனுமதிச்சிருக்கான்னு பார்த்துக்கோங்க.

இன்வெர்ட்டர்ல ஓடுமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. 900 வாட்ஸ் மிஷின் வீட்டு 850 விஏ இன்வெர்ட்டருக்குத் தாங்காது. கரண்ட் வந்ததும் பார்த்துக்கலாம், காபி குடிங்க.

எடையைப் பத்தி எழுதவே இல்லையேன்னு ஒரு அக்கா சண்டைக்கு வந்தாங்க. நியாயம்தான். இரண்டரை மூணு கிலோ மிஷினைக் கதவுல பக்கவாட்டுல பிடிச்சு அரை மணி நேரம் நின்னா தோள் கழண்டுடும். வாங்கறதுக்கு முன்ன கடைச் சுவர்ல கதவு மாதிரி அஞ்சு நிமிஷம் பிடிச்சு நின்னு பாருங்க.

ஒத்தக்கடையில வாட்டர் சர்வீஸ் வெச்சிருக்கற தம்பி, தொழிலுக்கு எதுன்னு கேட்டார். தம்பி, தொழிலுக்கு ரோட்டரி வேணும்தான். ரீபெயிண்ட் வண்டி, உப்புத் தண்ணிக் கறை ஆழமா இறங்கின வண்டியெல்லாம் கம்பளி (வுல்) பேட் மாட்டின ரோட்டரியில அரை நேரத்துல முடியும். ஆனா ரோட்டரியோட நிறுத்திட்டு வண்டியை அனுப்பிடாதீங்க. நிழல்ல பளபளன்னு இருக்கும், கஸ்டமர் வெயிலுக்கு எடுத்துட்டுப் போனதும் ஹாலோகிராம்னு சொல்ற ரோட்டரித் தடம் வரி வரியா தெரியும். 15 எம்எம் டிஏ-ல ஃபினிஷிங் பேட் போட்டு ஒரு ஓட்டு ஓட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, எண்ணெய்ப் பளபளப்பு போனப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுச் சாவியைக் கொடுங்க. பெயிண்ட் தடிமன் மீட்டர் ஒண்ணும் வாங்கிடுங்க, கஸ்டமர் வண்டியில என்னை மாதிரி பிரைமரைப் பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் பம்பர்ல அந்த மீட்டர் எண் காட்டாது, கெட்டுப் போச்சுன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க. அங்க டிஏ மட்டும்தான்.