மண்ணுளிப் பாம்பின் படுக்கை: மேல்பக்கம் பார்த்து ஏமாற வேண்டாம்

பெங்களூரில் கென்யா மண்ணுளி வளர்க்க ஆரம்பிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டாலே பெரும்பாலும் ஒரே புகார்தான்: "அண்ணா, சாப்பிட மாட்டேங்குது." தொட்டிக்குள் படுக்கையாக என்ன போட்டிருக்கிறாய் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நாள் முழுக்க அதற்குள்ளேயே புதைந்து கிடக்கிற பாம்பு அது.

நம்மூர் மண்ணுளி

வளர்க்கவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கென்யா மண்ணுளிக்கும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.

மரக்கடைத் தூள்

வேண்டாம். பைன், தேவதாரு எண்ணெய் நெடி பாம்பின் மூச்சுக்கு ஆகாது. ப்ளைவுட் தூளில் பசையும் கலந்திருக்கும்.

ஈரக் கோகோபீட்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நர்சரியில் விற்கிற தேங்காய் நார்த் தூள் கட்டியை வாளியில் ஊறவைத்து, உப்பி வந்ததும் பிழிந்து, அன்றைக்கே தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். தக்காளிச் செடிக்கு அது சரி. இதுவோ கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணில் வாழ்கிற பாம்பு.

போன ஆடியில் அல்சூர்த் தம்பி ஒருவர் வீட்டுக்குப் போனேன். "மேல தொட்டுப் பாருங்கண்ணா, பொடிப்பொடியா இருக்கு" என்றார். இருந்தது. விரலை அடிவரை விட்டால் சில்லென்று ஈரம். கண்ணாடித் தரையில் நீர் முத்து முத்தாய்க் கோத்திருந்தது. பாம்பைத் திருப்பினேன். வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, வால் பக்கம் சின்னச் சின்னக் கொப்புளங்கள். செதில் அழுகல். ஊசி, மருந்து, வாரக்கணக்கில் வெறும் டிஷ்யூ பேப்பர் மேல் வாசம். சில முறை சட்டை உரித்த பிறகுதான் வயிறு தேறியது. ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் இந்த ஊரிலேயே கொஞ்சம் பேர்தான், செலவும் அதற்கேற்றபடிதான்.

"அடியில ஹீட் மேட் இருக்கே, காஞ்சிடாதா?" என்பார்கள். தொட்டிக்கு அடியில் வைக்கிற அந்தச் சூட்டு விரிப்பால் அடி ஈரம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். கிருமிக்கு இன்னும் வசதி.

கட்டியை ஊறவைத்து, உப்புப் போக ஓரிரு முறை அலசி, பிழிந்து, மொட்டை மாடியில் கோணி விரித்து மெல்லிசாகப் பரப்புங்கள். தினமும் கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி விரித்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். பெங்களூர் மழைக்காலத்தில் இது நடக்காது. மார்ச், ஏப்ரல் வெயிலிலேயே காயவைத்து டப்பாவில் மூடி வைத்துவிடுங்கள். தூசி பறந்தால் சலித்துக்கொள்ளலாம். ஆஸ்பென் மரச்சீவல் கிடைத்தால் இந்தப் பாடே இல்லை. தோண்டின சுரங்கமும் இடியாமல் நிற்கும்.

கால்சியம் மணல்

இரையோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும்.

தெர்மோமீட்டர்

மேலே 30 டிகிரி காட்டும்போதே அடியில் பாம்பு வெந்துகொண்டிருக்கலாம். படுக்கை தடிமனாக ஆக, சூடு அடியிலேயே தேங்கும். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டின் முனையை ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து, உள்ளே அடித்தரையில் 33 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம்

கனமானதாக வாங்கி, படுக்கையை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடித் தரையிலேயே உட்கார வையுங்கள். தூள் மேல் வைத்தால் பாம்பு அடியில் துளைத்துக் கவிழ்த்துவிடும். வெயிலில் காயவைத்ததெல்லாம் ஒரே ராத்திரியில் சொதசொதவென்று ஆகிவிடும்.