மண் பக்கச் சுவரில் அலுமாரி வைக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில் வீடு கட்டும் காணிக்கு முதலில் வந்து சேர்வது மண் வெட்டும் பெக்கோ இயந்திரம். கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் உள்ளக வடிவமைப்பாளரும் அதற்குப் பிறகுதான். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. செங்குத்தாக வெட்டிய சரிவை எந்த வரைபடத்தாலும் பழையபடி ஒட்டவைக்க முடியாது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. அதைப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் தாளாக மட்டும் எண்ணாமல், அதிலுள்ள நிபந்தனைகளை எல்லோரும் சேர்ந்து வாசித்த பிறகு மண்ணில் கை வையுங்கள்.

அடுத்தது, வெட்டிய மண்ணைத் தாங்கி நிற்கும் பின்சுவர். தாங்கு சுவரில் நீர் வெளியேறக் குழாய்கள் வேண்டுமென்று பொறியியலாளர் குறித்திருப்பார். குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும். சுவரைக் கட்டும் தலைமை மேசனான பாஸுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். குழாய் வாய்கள் பூச்சுக்குள் மறைந்துவிடும். மாதங்கள் கழித்து வரும் உள்ளக வடிவமைப்பாளர் அந்தச் சுவர் நெடுக அலுமாரி அடிப்பார். ஹட்டன் பக்கம் ஒரு தென்மேல் பருவமழை போதும்: பலகை உப்பும், பூஞ்சணம் பிடிக்கும், உடுப்பெல்லாம் வாடை. பிறகு ஆளாளுக்கு விரல் நீட்டுவார்கள். கடைசியில் பழி பாஸின் தலையில்! எந்த மாதம் எந்த இடத்தில் ஊற்றுக் கசியும் என்று அறிந்தவர் அவர். அவரைத்தான் ஒரு கூட்டத்துக்கும் அழைத்திருக்கமாட்டார்கள். பிளான் மேசையில் இருக்கும்போதே நால்வரும் உட்கார்ந்திருந்தால், அலுமாரி உள்சுவருக்குப் போயிருக்கும், மண் பக்கம் நடைவழி வந்திருக்கும். செலவு ஒரு தேநீர்.

பிரதேச சபையிடம் ஒவ்வொரு துறையினரும் தனித்தனியாகப் போய்ப் பேசுவது இன்னொரு தவறு. தோட்டக் குடும்பங்களுக்கு சிறு காணித் துண்டுகளில் வீடுகள் எழுகின்றன. சரிவில் அடுக்கடுக்காக நிற்கும்போது மேல்வீட்டுக் கூரைநீர் கீழ்வீட்டின் பின்சுவரைத்தான் தேடி வரும். தனி வீட்டின் பிளானில் இது தீராது. வரிசை முழுவதற்கும் பொது வடிகான் தேவை. பொறியியலாளர் சுவரையும் வடிவமைப்பாளர் காற்றோட்டத்தையும் தனித்தனியே கேட்டால், இரண்டுமே வீண் செலவாகத் தெரியும். ஒரே மகஜராக, வரைபடமும் மதிப்பீடும் இணைத்து, சபையின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன் கொடுக்க வேண்டும். அறிக்கை இருந்தாலே போதும் என்பவர்கள் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். அந்தச் சரிவு நடந்த 2014 ஒக்டோபர் 29க்கு முன்பே அங்கே எச்சரிக்கை இருந்தது. குடும்பங்களும் அதே லயன் வரிசை வீடுகளில் இருந்தன.

மகஜரில் வீட்டுக்காரர்களின் ஒப்பமும் இருக்கட்டும். அந்த வடிகானில் தேயிலைச் சருகு அள்ளப்போவது அவர்கள்தான்.