லோட் ஷெடிங்கிலும் ஹாம் நிலையம் அணையாமல் இருக்க

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்குக்காகப் பேசும் வானொலி நிலையம்) வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்துவது, வந்தால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டரை மணி நேரம் வரை போகும். 100 வாட் செட் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், கேட்கும்போது ஒன்றரை. ஆம்பியரை மணியால் பெருக்கினால், அரை மணி பேச 10, மீதி இரண்டு மணி நேரத்துக்கு 3, ஆக 13 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 30 ஆம்பியர்-மணி வாங்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 20 போதும்; ஆனால் அது தொடர்ந்து 20 ஆம்பியர் கொடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடினாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஒயர். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பேட்டரி இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், போக வர நாலு மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 20 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பேச ஆரம்பித்ததும் செட் அணைந்தால் பேட்டரியை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கும். 30 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறலாம். போனவுடனே பவர் சப்ளையின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள்.